குங்குமம் படாத லாக் புக்

ஜக்கூர் விமானத் திடலில் பழைய விமானம் ஒன்றுக்கு விலை பேசுகிறவர் யாராக இருந்தாலும், கை குலுக்குவதற்கு முன்னால் ஜோகுபாளையத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது சந்து. கீழே தையல் கடை, மேலே பச்சை கிரில் கதவு. அதுதான் மௌரீன் வீடு. பெரிய பெரிய கார்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முக்கிலேயே நின்றுவிடும். இறங்கி வருகிறவர் கையில் கனமான பை இருந்தால் தையல் கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார், தைத்துக்கொண்டே மாடியைக் காட்டிவிடுவார்.

பைக்குள் லாக் புக்குகள் இருக்கும். விமானத்துக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருக்கிறதா, இருப்பது நிஜமா என்று பார்த்துச் சொல்வதுதான் மௌரீன் வேலை.

மௌரீனுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஜக்கூரில் விமானம் நிறுத்திப் பழுது பார்க்கும் ஒரு சின்ன ஹேங்கரில் இருபத்தொன்பது வருஷம் ரெக்கார்ட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட ஸ்பேனர் பிடித்ததில்லை. ஆனால் மெக்கானிக்குகள் ஸ்பேனரால் செய்ததையெல்லாம் எழுதி, சரிபார்த்து, பீரோவில் பூட்டி வைத்தவர். ஒரு பக்கத்தைத் திருப்பும்போதே, இது அன்றன்றைக்கு எழுதியதா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் எழுதியதா என்று கண்டுபிடித்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அவருடைய கெடுபிடியும் கொஞ்ச நஞ்சமல்ல. விற்கிறவர் வாங்கித் தரும் காபியைத் தொட மாட்டார். விமானத்தைப் போய்ப் பார்க்கவும் மாட்டார். "பெயிண்ட் அடிச்சா எல்லாமே அழகாத்தான் இருக்கும்" என்பார். பறந்த மணிக்கணக்கைப் பெட்ரோல் ரசீதோடு ஒத்துப் பார்ப்பார், ஏனென்றால் பெட்ரோல் போடாமல் எந்த விமானமும் பறந்ததில்லை. முதலாளியைக் கேட்காதே, விமானத்தைக் கழுவுகிறவரைக் கேள் என்பது அவருடைய இன்னொரு சட்டம். இதுவரை நாற்பது விமானங்களின் புத்தகம் அவர் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கிறது. பதினொன்றுக்குத்தான் சரி சொன்னார். மற்றதுக்கெல்லாம் கன்னடத்தில் ஒரே வார்த்தை, பேடா. வேண்டாம். அதனால் ஜக்கூர் புரோக்கர்கள் அவருக்கு வைத்த பெயர் பேடா ஆன்ட்டி.

அவர் சரி சொன்னாலும் ஆட்களுக்கு மனசு ஆறாது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்பார்கள், "ஆன்ட்டி, நீங்க இதுல ஏறுவீங்களா?"

"என்னைக் கேக்காதீங்க. புத்தகத்தைக் கேளுங்க."

எல்லாருக்கும் இதே பதில்தான். உண்மை என்னவென்றால் மௌரீன் எந்தச் சின்ன விமானத்திலும் ஏறியதே இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பைலட்டுகள் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஏன் என்று கேட்ட கணவர் சுந்தரத்திடமும் காரணம் சொன்னதில்லை.

சுந்தரம் சிட்டி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். "என் பஸ்ஸுக்கு இப்படி ஒருத்தி உக்காந்து புத்தகம் படிச்சிருந்தா நான் பாதி நாள் டிப்போவிலயே படுத்திருப்பேன்" என்று காபியை நீட்டுவார். அந்தக் காபியை மட்டும் மௌரீன் தட்டாமல் வாங்கிக்கொள்வார்.

இந்த ஜூன் மாதம் நாற்பத்தொன்றாவது பை வந்தது. அதைக் கொண்டுவந்தவள் அவர் மகள் சுப்ரியா.

சுப்ரியா ஃப்ளையிங் ஸ்கூலில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தோழிகள் இரண்டு பேரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு விமானம் வாங்க வேண்டும் என்பது அவளுடைய எட்டு வருஷத்துக் கனவு. அவள் பங்குக்காக, ஆனேக்கல்லில் வாங்கிப் போட்டிருந்த சைட்டை, அந்த வீட்டு மனையை, விற்க அம்மாவும் அப்பாவும் சம்மதித்திருந்தார்கள். வயதான காலத்தில் வீடு கட்டிக்கொண்டு போகலாம் என்று வைத்திருந்த சைட். அதுகூடப் போகட்டும். தினம் தினம் அந்த விமானத்தில் ஏறி ஆகாயத்துக்குப் போகப்போவது பெற்ற பெண். மௌரீனுக்குப் பெரிய கவலை அதுதான்.

விமானம் இரண்டு பேர் உட்காரக்கூடியது. ஆனேக்கல்லில் கிரானைட் வியாபாரம் செய்யும் கிருஷ்ணப்பா பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கி, ஜக்கூரில் நிறுத்தி, தானே ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது அவருக்கு முட்டி வலி, ஏறி இறங்க முடியவில்லை. மகன் விக்கிதான் விற்கிறான். ஐதராபாத்திலிருந்து இன்னொருவரும் கேட்கிறாராம், சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். அன்று புதன்கிழமை.

சுப்ரியா பையைத் திறந்து மூன்று புத்தகங்களை மேஜையில் அடுக்கினாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன. கறுப்புத் தோல் அட்டை, தங்க எழுத்து. உள்ளே முத்து முத்தான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"பாத்தியாமா, எவ்ளோ நீட்டா வெச்சிருக்காங்க. இன்ஜினுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ஓவர்ஹால் வரும், மொத்தமாப் பிரிச்சு மாட்டணும், அது ஒண்ணுதான் செலவு. அதைச் சொல்லித்தான் விலையக் குறைச்சோம்."

மௌரீன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு இன்ஜின் புத்தகத்தைத் திறந்தார். பத்துப் பக்கம் திருப்பினார். நடுவில் பிரித்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்னமா புதுசா மோப்பம் பிடிக்கிற?"

"பன்னெண்டு வருஷம் ஹேங்கர்ல கிடந்த புத்தகம். பெட்ரோல் வாசனை வர வேணாமா? ஸ்டேஷனரி கடை வாசனைதான் வருது." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குங்குமமும் இல்ல."

பெங்களூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜை அன்று இந்த ஊரில் யாரும் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். ஹேங்கரைக் கழுவி, மாவிலை கட்டி, விமானத்துக்கு மாலை போடுவார்கள். ப்ரொப்பெல்லருக்குச் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். கருவிகளோடு புத்தகங்களையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் குங்குமம் வைப்பார்கள். மௌரீன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் இருபத்தொன்பது பூஜையிலும் தாம்பாளத்தோடு முதல் வரிசையில் நின்று, பொரியும் கடலையும் மடி நிறைய வாங்கி வந்தவர். அவர் கண்ணில் படாத குங்குமப் பொட்டே கிடையாது.

"பன்னெண்டு ஆயுத பூஜை பாத்திருக்கணும் இந்தப் புத்தகம். ஒரு பொட்டுகூட இல்லடி. இது அது இல்ல. பேடா."

"பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருப்பாங்கமா."

"பன்னெண்டு வருஷமுமா?"

சுப்ரியா முகம் சிவந்துவிட்டது. "குங்குமம் இல்லன்னு ஒரு விமானத்தை வேணாங்கிறியே, வெளிய சொன்னா சிரிப்பாங்க. வேற யாராவது கொண்டுவந்திருந்தா நாலு பேரை விசாரிச்சிருப்ப. நான் கொண்டுவந்தேன், அஞ்சே நிமிஷத்துல பேடா. நான் பறக்கறதே உனக்கு பயம். அதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுந்தரம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

மௌரீனுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மகள் சொன்னது பொய்யா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பை திறக்கும்போதே, இதில் ஏதாவது குறை இருந்துவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது உண்மைதான். நாற்பது பேருக்குப் பார்த்த கண், சொந்த மகளுக்கு மட்டும் கோணலாகப் பார்க்கிறதோ? அப்படியென்றால் இத்தனை வருஷப் பெயரும் போச்சு, பெண்ணின் கனவும் போச்சு. குறை நிஜமாகவே இருந்து, அவள் பேச்சுக்கு இளகிச் சரி சொல்லிவிட்டாலோ, அதை நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை தோசைக்கல்லை இறக்கி வைத்ததும் சொன்னார், "ஏங்க, ஸ்கூட்டரை எடுங்க. ஜக்கூர் போகணும்."

சுந்தரத்துக்கு ஆச்சரியம். "விமானத்தைப் போய்ப் பாக்க மாட்டேன்னு சட்டம் போட்டவ ஆச்சே நீ."

"விமானத்தைப் பாக்கப் போகல. அதைக் கழுவறவங்களைப் பாக்கப் போறேன்."

கிருஷ்ணப்பாவின் விமானம் நின்ற ஹேங்கர், மௌரீன் வேலை பார்த்ததிலிருந்து மூன்று ஷெட் தள்ளி இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்கி, விமானங்களைக் கழுவித் துடைக்கிறவர் சந்திரம்மா. இருவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். பூஜைக்குப் பூஜை பொரி மாற்றிக்கொண்டவர்கள். மௌரீனைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னி மேடம், பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க என்றார். " ரிட்டயர் ஆகி எங்களை மறந்தே போயிட்டீங்க."

நலம் விசாரித்து முடித்து, மௌரீன் நேரே விஷயத்துக்கு வந்தார். "சந்திரம்மா, கிருஷ்ணப்பா சார் விமானத்து புத்தகத்துக்கு நீங்க பூஜைல குங்குமம் வெக்கறது இல்லையா?"

சந்திரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "யார் சொன்னது? வருஷா வருஷம் என் கையாலதான் வெக்கறேன். சிவப்பு அட்டை புக்கு. போன வருஷம்கூட வெச்சேன்."

சிவப்பு அட்டை. வீட்டுக்கு வந்த பையில் இருந்ததெல்லாம் கறுப்பு அட்டை. அப்படியானால் கண் கோணலாகப் பார்க்கவில்லை. "அந்தப் புக்கு இப்ப எங்க இருக்கு?"

"அதோ, சாமி கிட்ட." சந்திரம்மா மூலையில் இருந்த சாமி ஷெல்ஃபைக் காட்டினார். "புதுசு எழுதினதுக்கு அப்புறம் பழசைத் தூக்கிப் போடச் சொன்னாங்க. இன்ஜினியர் ரவி சார், பூஜையில வெச்ச புத்தகத்தைக் குப்பையில போட்டா பாவம்னு சொல்லி, சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டாரு."

சுந்தரம் எட்டி எடுக்கப் போனார். மௌரீன் தடுத்துவிட்டார். அடுத்தவர் பொருள், உடையவர் வந்து எடுத்துத் தரட்டும். விக்கிக்கும் சுப்ரியாவுக்கும் போன் போட்டு, உடனே ஹேங்கருக்கு வரச் சொன்னார். என்ன ஏது என்று இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

சுப்ரியா முறைத்த முகத்தோடு வந்தாள். விக்கி வந்தான், முப்பது வயது, நல்ல உடுப்பு, வாய் நிறைய சிரிப்பு. மௌரீன் சாமி ஷெல்ஃபைக் கண்ணால் காட்டியதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மௌரீன் கையில் கொடுத்தான்.

அப்பப்பா, அதைப் பார்க்க வேண்டுமே. ஓரமெல்லாம் கிழிந்து, எலுமிச்சைச் சாறு பட்டு உப்பி, எண்ணெய்க் கட்டைவிரல் பக்கத்துக்குப் பக்கம் பதிந்து, பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. இன்ஜின் புத்தகத்தின் அட்டை முழுக்கக் குங்குமம். பழையது கறுத்து, புதியது சிவந்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக இருந்தன. மௌரீன் விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ணு குறையுதே சந்திரம்மா."

"அதுவா, நடுவுல ஒரு வருஷம் இன்ஜின் வெளியூருக்குப் போயிருந்துச்சு மேடம். புக்கும் கூடவே போச்சு. அந்த வருஷம் ஏரோப்ளேன் மூக்கு இல்லாம நின்னுச்சு, மாலைய எங்க போடறதுன்னே தெரியல. கதவைச் சாத்தியே வெச்சிருந்தாங்க, மூணு ஷெட் தள்ளி இருந்த உங்களுக்குக்கூடத் தெரியாது."

எல்லாரும் விக்கியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

மௌரீன் பக்கத்தைத் தேடிப் பிரித்தார். இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் மாதம். இறங்கும்போது முன் சக்கரம் மடங்கி, சுற்றிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லர் தரையில் அடித்திருக்கிறது, அந்த அடி இன்ஜினுக்குள்ளும் இறங்கியிருக்கும். புதுப் புத்தகத்தில் இந்தப் பக்கமே கிடையாது.

"அன்னைக்கு ஓட்டினது யாரு? உங்க அப்பாவா?"

"நான்தான் ஆன்ட்டி." விக்கியின் குரல் இறங்கிவிட்டது. "அப்பதான் கத்துக்கிட்டு இருந்தேன். அதோட நான் ஏறவே இல்ல. அப்பா இதுவரைக்கும் யார் கிட்டயும் சொன்னதில்ல. புக்குல மட்டும்தான் இருந்துச்சு. அந்தப் பக்கத்தைப் பாத்தா யாரும் வாங்க மாட்டாங்கன்னு புரோக்கர் சொன்னாரு. எனக்கும் அதை யாரும் படிக்க வேணாம்னு தோணிச்சு. அப்பாவுக்குத் தெரியாமதான் புதுசா எழுத வெச்சேன். ரவி சார் வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன்."

சுப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பேடா வரப்போகிறது என்று அவளுக்கு நிச்சயம். இந்த முறை அவளும் மறுத்துப் பேசத் தயாராக இல்லை.

ஆனால் மௌரீன் படிப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தார். இன்ஜினை முழுதாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, முழு ஓவர்ஹால் செய்து, புது ப்ரொப்பெல்லர் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பறந்தது கொஞ்சம்தான். மௌரீன் புத்தகத்தை மூடிவிட்டு விக்கியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ மறைச்ச பக்கத்துலதானே இந்த விமானத்தோட நல்லதெல்லாம் இருக்கு. இன்ஜின் ரெண்டு வருஷத்துல ஓவர்ஹாலுக்கு வர்ற பழசுன்னு இவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அது ஏழு வருஷம் முன்னாடியே புதுசாயிடுச்சு. மூக்கு இடிச்சதுக்கு வெக்கப்பட்டு, உன் பொருளை நீயே மட்டமாக்கிட்டியே."

விக்கி விழித்தான். சுந்தரம் மெல்ல மனைவியின் முழங்கையைத் தொட்டார், விலை ஏறிவிடுமே என்று. மௌரீன் கையை உதறிவிட்டு அதையும் சொன்னார். "இன்ஜின் பழசுன்னு சொல்லித்தான் என் பொண்ணு விலையக் குறைச்சா. இப்ப விஷயம் தெரிஞ்சு போச்சு. நீ என்ன கேக்கணுமோ கேட்டுக்கோ."

விக்கி அந்தக் குங்கும அட்டையைத் தொட்டுப் பார்த்தான். "பேசினது பேசினதுதான் ஆன்ட்டி. இதைச் சொன்னா அப்பா என்னைத்தான் திட்டுவாரு, முதல்லயே உங்க கிட்ட வந்து கேட்டிருக்கணும்னு."

ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்த, தங்க எழுத்துப் போட்ட அழகுப் புத்தகங்களை அங்கேயே கிழித்துப் போட வைத்துவிட்டுத்தான் மௌரீன் கிளம்பினார். ரவி சாருக்குத் தனியாக ஒரு கச்சேரி பாக்கி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தார். பழைய புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, வியாழன் மீதியும் வெள்ளி முழுக்கவும் படித்தார். ஓவர்ஹால் செய்த வெளியூர் ஒர்க் ஷாப்புக்கு போன் போட்டு, இன்ஜின் நம்பரைச் சொல்லி, அவர்கள் பதிவேட்டிலும் இதே தேதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கிருஷ்ணப்பாவிடம் பத்திரமாக இருந்த பெட்ரோல் ரசீதுகளை வரவழைத்துப் பறந்த மணியோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனைக்கும் நடுவில் சுப்ரியா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளி சாயங்காலம் மௌரீன் புத்தகத்தை மூடினார். "வாங்கு."

சுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாரிமா, சாக்குன்னு சொன்னேன்" என்றாள்.

"பாதி நிஜம்தான். அதனாலதான் ஜக்கூர் வரைக்கும் போனேன்."

"சரி, இப்ப சொல்லு. நீ இதுல ஏறுவியா?"

புத்தகத்தைக் கேள் என்று சொல்லத்தான் வாய் திறந்தார். வரவில்லை. சுந்தரமும் காபி டம்ளரோடு நின்றுவிட்டார். "நான் ஏறாததுக்குக் காரணம் பயம் இல்லடி" என்றார் மௌரீன். "ஏறினா எனக்குப் பிடிச்சுப் போயிடும். பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் எந்தப் புத்தகத்தைப் பாத்தாலும் மனசு இளகும். சரி சரின்னு தலையாட்டிடுவேன். நம்பி வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

காகிதங்கள் எல்லாம் மாறி, விமானம் சுப்ரியா பெயருக்கும் தோழிகள் பெயருக்கும் வர நாலு மாசம் ஆனது. ஆயுத பூஜைக்குச் சரியாக வந்து சேர்ந்தது. சந்திரம்மா ப்ரொப்பெல்லருக்குச் சாமந்தி மாலை போட்டார். இன்ஜின் புத்தகத்துக்கு சுப்ரியா ஆசையாக மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை மௌரீன் முதல் வேலையாக உருவி எறிந்தார். சந்திரம்மா பன்னிரண்டாவது பொட்டை வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்க நல்ல நாள். சுப்ரியா வலது பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். மௌரீன் சுந்தரத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். இந்த ஒரு விமானத்தின் புத்தகத்தை இனி அவர் யாருக்காகவும் படிக்கப் போவதில்லை, அதனால் பரவாயில்லை என்று காரணமும் சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஜக்கூர் ஏரி கீழே ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியபோது ஒரு கையை விட்டார். நந்தி மலை தெரிந்தபோது இன்னொரு கையையும் விட்டார்.

இறங்கியதும் சுப்ரியா பயணப் புத்தகத்தைத் தொடையில் வைத்து எழுதினாள். பைலட் சுப்ரியா. உடன் சென்றவர் மௌரீன். நேரம் நாற்பத்தொரு நிமிஷம். ஆயிரக்கணக்கான பக்கங்களில் அடுத்தவர் பெயரையே படித்துப் பழகிய மௌரீன், தன் பெயரை முதல் முறையாக அங்கே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நாப்பத்தொண்ணு இல்ல. முப்பத்தெட்டு. நான் வாட்ச் பாத்தேன்."

சுப்ரியா சிரித்துக்கொண்டே எண்ணின் மேலேயே திருத்தப் போனாள். மௌரீன் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "மேல எழுதாத. ஒரே கோடு போட்டு அடி, பக்கத்துல சரியா எழுது, கையெழுத்துப் போடு. அடிச்சது தெரியணும்." அவள் அப்படியே செய்தாள். நேற்றைய பூஜைக் குங்குமம் கதவுப் பிடியிலிருந்து மௌரீன் விரலில் ஒட்டியிருந்தது போலும், பக்க ஓரத்தில் லேசாகச் சிவந்துவிட்டது. அதை அவர் துடைக்கவில்லை.

சுந்தரம் ஓடிவந்தார். "எப்படி இருந்துச்சு மேல?"

"என்னைக் கேக்காதீங்க. புத்தகத்தைக் கேளுங்க" என்றார் மௌரீன். சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறியவர், ஹெப்பாள் மேம்பாலம் வருவதற்குள் பேச ஆரம்பித்து, ஜோகுபாளையம் வரைக்கும் வாய் மூடவில்லை.